பதினாலாம் மாடி அறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உன் இருமல் விட்டதா என்று மறக்காமல் எழுது. இங்கே நான் நலம். எப்போதும் போல ‘நாங்கள் நலம்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை நின்றுவிட்டது. வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்களைச் சுற்றுலா அனுப்பிவைத்தீர்களே அந்தப் பெரிய நகரம், அங்கேயே இருக்கிறாள். எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் போன வாரமே ஊர் திரும்பியாயிற்று, நானும் திரும்பிவிட்டேன், அவள் வரவில்லை. எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது, வருவாளா என்று நீ கேட்டால் அதையும் அடித்துச் சொல்ல முடியாத நிலையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே ‘அய்யோ அப்பா’ என்று ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க முடியாது. தபாலில் போட்டால் என்றைக்கு வந்து சேருமோ, அதனால் எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். கண்ணை இடுக்கிக்கொண்டாவது முழுவதும் படி, நடுவில் சிரிக்காதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆசையாகச் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் அந்த ஊர் ஒரு கண்றாவி. ரயிலை விட்டு இறங்கியதுமே சூடான எண்ணெய், சாக்கடை, சென்ட் மூன்றும் கலந்து ஒரு வாடை முகத்தில் அடித்தது, அதையே எல்லோரும் ஆகா என்று மூச்சை இழுத்து விடுகிறார்கள். மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வழிகாட்டி வந்தார், எங்களைப் போல ஜோடி ஜோடியாக வந்தவர்களையெல்லாம் எண்ணிப் பார்த்து பஸ்ஸில் ஏற்றினார். அவர் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக் குடித்துவிட்டு அதையே டிரைவருக்கும் நீட்டினார், அவரும் வாயில் வைத்துக் குடித்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டலில் எங்களுக்குக் கொடுத்தது இரண்டாம் மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கீழே அடுக்களைப் புகை கக்கும் குழாய். கண்ணாடி டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் விளிம்பில் யாரோ ஒருத்தியின் உதட்டுச் சாயம். டிவி ரிமோட்டில் பிசுபிசுப்பு. போர்வையை உதறினால் பிஸ்கட் தூள். நான் என் பையில் கொண்டுபோயிருந்த பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக் கதவுக் கைப்பிடியில் ஆரம்பித்து வரிசையாகத் துடைத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் நகராட்சியில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவன் வேறு என்ன செய்வான், ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. உன் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, ஏங்க, ஊரைப் பாக்கப் போறோமா, இல்ல இந்த ரூமையே பாத்துட்டுத் திரும்பிடலாமா என்றாள். அப்போதே அவள் குரலில் ஏதோ இருந்தது, எனக்குத்தான் அந்த ரிமோட்டை முடிக்கும் வரை வேறொன்றும் காதில் விழவில்லை.

சுற்றிப் பார்த்த லட்சணத்தையும் கேள். மாளிகை என்று ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள், ராஜா படுத்த கட்டிலாம், அதைப் பார்க்க அவ்வளவு கூட்டம், ஒருவர் வியர்வை இன்னொருவர் மேல் ஒட்டுகிறது. உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சுவரோரமாக நின்று மூக்கைச் சிந்தி விரலைத் தூணில் துடைத்தார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எனக்கு வணக்கம் வேறு சொன்னார். அப்புறம் அந்த உயரமான கோபுரம். லிப்டில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். காசு போட்டுப் பார்க்கும் பெரிய தூரக்கண்ணாடி ஒன்று அங்கே இருக்கிறது, ஊரில் உள்ளவன் போனவன் வந்தவன் எல்லோரும் கண்ணை வைத்து அழுத்தும் இடம், கண்வலிக்காரன் ஒருவன் வைத்துப் போனால் போதும். உன் அம்மா காசைப் போட்டுக் குனிந்தாள், நான் இரு இரு என்று அவளை நகர்த்திவிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். ரப்பர் மடிப்புக்குள் எல்லாம் அழுக்கு, அவ்வளவு சுலபத்தில் போகாது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். துடைத்து முடித்து இப்போது பார் என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, கறுப்பா இருக்குங்க என்றாள். அந்தக் காசுக்கு உண்டான நேரம் முடிந்து உள்ளே மூடி விழுந்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு மரக்கடைக்காரரும் அவர் சம்சாரமும் வந்திருந்தார்கள், அந்தம்மா சிரித்துக்கொண்டே தன் காசைப் போட்டு, சாரை அந்தாண்ட போகச் சொல்லுங்க, நீங்க பாருங்கக்கா என்று உன் அம்மாவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். உன் அம்மாவும் அந்த அழுக்கில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு ஆசை தீரப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் கண் சிவக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சிவக்கவில்லை, அது வேறு விஷயம்.

கடைகளைப் பற்றி என்ன எழுத, எழுதினால் பேனாவைக் கழுவ வேண்டும். மாடிக்கு மேல் மாடியாக ஒரே கட்டடம், உள்ளே போனால் வெளியே வரும் வழி தெரியாது, வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறான். ஜனங்கள் வாங்குவதைப் பார்த்தால் நாளைக்கு உலகம் கடையை மூடப் போகிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மரக்கடைக்காரர் வாங்கிய சாமானைப் போட ஒரு பெட்டி வாங்கினார், அந்தப் பெட்டி பத்தாமல் அதைவிடப் பெரிய பெட்டி ஒன்று வாங்கி முதல் பெட்டியை அதற்குள் போட்டார். உதட்டுச் சாயம் விற்கும் இடத்தில் போட்டுப் பார்க்க என்று திறந்தே வைத்திருக்கிறார்கள், வருகிறவள் போகிறவள் எல்லாம் அதையே எடுத்து உதட்டில் தேய்த்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறாள். உன் அம்மாவும் எடுத்தாள். பெத்த மகள் கிட்ட எழுதக் கூச்சமாக இருக்கிறது, என் கண் முன்னாலேயே தேய்த்துக்கொண்டு, எப்படிங்க இருக்கு என்று கேட்டாள். எத்தனை பேர் எச்சில் தெரியுமா என்றுதான் சொன்னேன். அவள் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். அப்புறம் சிவப்பு நிறத்தில் ஒரு செருப்பு வாங்கினாள். கடைத்தெருவில் ஒரு வண்டிக்காரரிடம் ஐஸ்கிரீம் வாங்கினாள், அவர் காசு வாங்கிய அதே கையால் கூம்பை எடுத்துக் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, வாயைத் திறக்கவே இல்லை, வெறுமனே பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அதைத் தின்று முடித்தாள். தின்பதற்கு ஏன் திரும்பி நிற்க வேண்டும், நான் என்ன பிடுங்கவா போகிறேன்?

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் கீழே ஒரு பெரிய கூடம், வரிசையாகப் பாத்திரங்கள், வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற நாளெல்லாம் நான் உரித்த பழமும் மூடி திறக்காத தண்ணீரும் போதும் என்று ஒப்பேற்றினேன். ஒரு நாள் முட்டை போட்டுக் கொடுக்கும் ஆள் பச்சை முட்டை வழிந்த இடத்தை ஒரு துணியால் துடைத்தார், அதே துணியால் எனக்கு நீட்டிய தட்டையும் துடைத்தார். நான் எழுந்துவிட்டேன். உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாங்க, ரிட்டயர் ஆயிட்டீங்க, உக்காருங்க என்றாள். வேறு துணி கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், சத்தியமாக அவ்வளவுதான் எண்ணம். ஆனால் அந்தத் தள்ளு கதவைத் தள்ளியதும் அடுக்களைச் சூடு முகத்தில் பட்டது பார், என்னை அறியாமல் கை பின்னால் போய்க் கட்டிக்கொண்டது, இங்க பெரிய சமையல்காரர் யாருப்பா என்று ஆபீஸ் குரல் வந்துவிட்டது. எல்லோரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். கையை நீட்டுங்க என்றேன், நீட்டினார்கள். நகத்தைப் பார்த்தேன், குளிர்பெட்டியைத் திறந்தேன், மேலே பச்சை மாமிசம், அதற்குக் கீழே மூடாமல் வெட்டி வைத்த பழம், சொட்டுச் சொட்டாக அதில் வடிகிறது. மேனேஜர் டையை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார், சார் சார் என்றார், ஒரு வார்த்தை யார் நீங்கள் என்று கேட்கவில்லை. நானும் இன்ஸ்பெக்டர் என்று சொல்லவே இல்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். பதறிப்போய்க் கூடத்தில் இருந்த பாத்திரம் அத்தனையையும் உள்ளே எடுத்துவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாம் வெறும் தட்டோடு நின்றார்கள், பஸ்ஸும் நின்றது. மரக்கடைக்காரர் என்னிடம் கையைக் கூப்பி, ஐயா, சர்க்கரை வியாதிக்காரன் வயித்துல அடிக்காதீங்கய்யா என்றார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு தட்டில் இல்லாத எதையோ கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்தால் எங்கள் சாமானெல்லாம் பதினாலாம் மாடிக்குப் போய்விட்டது. சாருக்கும் அம்மாவுக்கும் எங்க அன்பளிப்பு, காசு வேண்டாம் என்றார் மேனேஜர். அந்த அறையைத்தான் உனக்கு வீடியோவில் காட்டினாளே, ஒரு பக்கச் சுவர் முழுக்க ஜன்னல், கீழே ஆறு, படகுகள், பாலம், அந்தப் பக்கம் கோபுரம். உன் அம்மா ரயில்வே டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து வேலைக் காலம் முழுவதும் அந்த ஊருக்கு எத்தனையோ ஆயிரம் பேருக்கு டிக்கெட் கொடுத்தவள், அவள் அந்த ஊரை முதல் முதலாக இறங்கிப் பார்த்தது இந்தத் தடவைதான். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, புதுச் செருப்போடு காலைத் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. பாப்பா, போட்டு போகுது பாரு, பாப்பா, இன்னொண்ணு பாரு என்று உன்னிடம் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். குளியல் தொட்டியில் கழுத்து வரை தண்ணீரை நிரப்பிப் படுத்துக்கொண்டு எதையோ முணுமுணுவென்று பாடினாள், அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கானால் இருப்புக் கொள்ளவில்லை. மேஜையில் ரிப்பன் கட்டி ஒரு பழக்கூடை வைத்திருந்தார்கள், அதைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்தேன். திரைச்சீலையின் ஓரத்தில் காபிக் கறை, தொட்டியின் அடைப்பானில் யாருடையதோ முடி. ஆனால் அதெல்லாம்கூடப் பெரிதில்லை, அந்த அறையே எனக்கு நாறியது. எனக்குப் பயந்து கொடுத்தது அது. அதற்குப் பெயர் அன்பளிப்பு இல்லை. உன் பிறந்தநாளுக்குப் பேக்கரிக்காரர் அனுப்பிய கேக்கை வாசலோடு திருப்பி அனுப்பியதை நீ இன்னும் சொல்லிக் காட்டுகிறாய், இப்போதும் சொல்கிறேன், அனுப்பியது சரி. அடுத்த மாதம் அவர் கடைக்கு நான் எந்த மூஞ்சியோடு போவது?

மறுநாள் பெண்களெல்லாம் அந்த மஞ்சள் கொடி வழிகாட்டியோடு சந்தைக்குப் போனார்கள். முட்டி வலிக்கிறது என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். நேரே மேனேஜரிடம் போய், நான் ரிட்டயர் ஆனவன், எனக்கு உங்கள் அடுக்களையில் ஒரு அதிகாரமும் கிடையாது, அறையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்த மனுஷன் சிரிக்கிறார். நீங்க டூட்டில இல்லன்னு நேத்து மத்தியானமே தெரியும் சார், விசாரிச்சுட்டேன், அந்த ரூம் சும்மாதான் கிடக்கு, உங்க ரூம்ல பாவம் அம்மா சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்கன்னு ரூம் துடைக்கிற பொண்ணு சொல்லுச்சு, சரி, இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு, அவ்வளவுதான் சார் என்றார். நீயே சொல், காரணமில்லாமல் ஒருவன் ஒன்றைக் கொடுப்பானா? என் உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை. பழத்தட்டு வந்தால் பின்னாலேயே, கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று மூடாத சாக்கடை வரும். நான் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு மேலே போய் எங்கள் துணிமணிகளை மடித்து, அவளுடையதைக்கூடக் கசங்காமல் மடித்து, பழைய அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். சந்தையிலிருந்து வந்தவள் பைகளோடு மேலே போய்த் தட்டியிருக்கிறாள், யாரோ வெளிநாட்டுக்காரர் கதவைத் திறந்திருக்கிறார். கீழே வந்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள், எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். நான் காரணத்தை விளக்கினேன், டூட்டி இல்லாதவன் சலுகை வாங்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். மேனேஜர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை, அது எதற்கு என்று விட்டுவிட்டேன். சரிங்க என்றாள். சாப்பிட வரலை, தலைவலி என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கிளம்பும் நாளில் எல்லோரும் பெட்டிகளோடு கீழே நின்றோம், வாசலில் ஸ்டேஷனுக்குப் போக பஸ் வந்துவிட்டது. அந்த மேனேஜர் வழியனுப்ப வந்தவர் நேரே உன் அம்மாவிடம் போய், அம்மா, நீங்க அந்த ரூம்லயே இருந்திருக்கலாம், நான் சார்கிட்ட அவ்வளவு சொன்னேன், எல்லாம் தெரிஞ்சுதான் குடுத்தேன் என்று சொல்லிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோர் முன்னாலும், ஆனால் சத்தம் போடாமல், கல்யாணம் ஆன நாள்ல இருந்து நம்ம வாசலுக்கு வந்த ஒண்ணையும் நீங்க உள்ள விட்டதில்ல, சரி, அது உத்தியோகம், நானும் பொறுத்துக்கிட்டேன், பெருமையாக்கூட இருந்துச்சு, இப்ப என்ன உத்தியோகம், உங்களுக்கு யாரு லஞ்சம் குடுக்கப் போறா, எதுக்குக் குடுக்கப் போறா என்றாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அதற்கு அவள், எனக்குக் கோவம்கூட வரலைங்க, உங்களப் பாத்தா அருவருப்பா இருக்கு என்றாள். அந்த வார்த்தையை நான் எத்தனையோ அடுக்களைகளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், என்னிடம் யாரும் சொன்னதில்லை. மரக்கடைக்காரரும் சம்சாரமும் ஒன்றும் கேட்காதவர்கள் மாதிரி தங்கள் பெட்டியைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டிருந்தார்கள். உன் அம்மா தன் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு மேனேஜரின் மேஜைக்குப் போனாள், அந்தப் பதினாலாம் மாடி ரூம் வேணும், என் பென்ஷன்ல இருந்து குடுக்கிறேன், சும்மா வேண்டாம், அப்புறம் சாருக்கு வயித்தால போகும் என்றாள். லிப்டு வந்தது, ஏறினாள், கதவு மூடிக்கொண்டது. நான் என்ன செய்வது, டிக்கெட் அன்றைக்குத்தான், நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ரயிலில் அவள் சீட்டில் மரக்கடைக்காரர் தன் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார், அதன் சக்கரத்தில் ஒட்டியிருந்த தெருக் குப்பை அவ்வளவும் சீட்டில் படிந்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

வந்த அன்றே வீடு முழுவதும் கழுவித் துடைத்துவிட்டேன். அது துடைத்தபடியே இருக்கிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நாற்காலி முதுகில் ஈரத் துண்டு இல்லை, டீ குடித்த டம்ளர் ஜன்னலில் இல்லை, சீப்பில் முடி இல்லை, இந்த மூன்றுக்காகவும் நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்று உனக்கே தெரியும். இரண்டாம் நாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எங்கே பெருக்குவது என்று தெரியாமல் நடு வீட்டில் நின்றேன். சுத்தமான வீடு இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் செய்தது தப்பு என்று இதில் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே, பச்சை மாமிசத்துக்குக் கீழே பழம் வைத்தது தப்பு, அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் அந்த வார்த்தை காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கும்போது நானே என்னை ஒரு தினுசாகப் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு வாத்தியார், எங்க சார், வீட்ல அம்மாவக் காணோம் என்று கேட்டார், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லிவிட்டேன், நீ ஏதாவது போன் செய்து காட்டிக்கொடுத்துவிடாதே. நடுவில் நான்தான் ஒரு தடவை அவளுக்குப் போன் செய்து எப்போ வர்றே என்று கேட்டேன். ஏன், அங்க என்ன ஆகணும் என்று திருப்பிக் கேட்டாள். இங்கே ஒன்றும் ஆக வேண்டியதில்லை, அதுதான் உண்மை, போனை வைத்துவிட்டேன். அறையை இன்னும் ஒரு வாரத்துக்கு எடுத்துவிட்டாளாம். ரூம் துடைக்கிற அந்தப் பெண்ணோடு ஆற்றங்கரைக்குப் போய் வருகிறாளாம், அங்கே வறுத்த மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்களாம், அச்சடித்த காகிதம், மை முழுக்க மீனில் இறங்கும், அதைப் பிரித்து வைத்து எனக்குப் போட்டோ வேறு அனுப்பினாள்.

இன்று காலையில் அவளே கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றேன். பிறகு, இது ரெண்டு பேரு தங்குற ரூம்தான், ஒரு கட்டில் சும்மா கிடக்கு, நான் குடுக்கிறேன், வாங்கிக்கிறீங்களா என்றாள். எதுக்கு என்று கேட்டுவிட்டேன். வாயில் அதுதான் வந்தது, முப்பது வருஷமாக எவன் எதை நீட்டினாலும் முதலில் அதைத்தானே கேட்டிருக்கிறேன். எதுக்கும் இல்ல என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோபமாகச் சொன்னாளா, அழுதாளா, ஒன்றும் பிடிபடவில்லை. நான் போகவில்லை என்றால் அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாள் என்பது மட்டும் பிடிபட்டது. வந்தாலும் தன் சாமானை எடுத்துப்போக வந்தவள் மாதிரிதான் வருவாள்.

நாளைக் காலை வண்டிக்கு டிக்கெட் வாங்கி வந்துவிட்டேன். அந்த ஊரை நினைத்தாலே இப்போதும் குமட்டுகிறது, அந்தத் திரைச்சீலை அப்படியேதான் இருக்கும், அந்த அடைப்பானில் இப்போது எத்தனை பேர் முடியோ. அந்த மேனேஜர் முகத்தில் வேறு விழிக்க வேண்டும். மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, தின்றாலும் தின்பேன், ஆனால் அது நல்ல மீன் என்று மட்டும் சொல்லமாட்டேன். காரணமில்லாமல் கொடுப்பதை வாங்கி எனக்குப் பழக்கம் கிடையாது, இரண்டு கையாலும் வாங்குவதா, என்ன சொல்லி வாங்குவது, ஒன்றும் தெரியாமல்தான் போகிறேன். இந்த வயதில் எனக்கு இது ஒரு பரீட்சை.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தண்ணீர் பாட்டிலைத் தினமும் கழுவு, மூடியின் திருகு மரையில்தான் அழுக்கு சேரும். மாப்பிள்ளை வெளியில் வாங்கி வருவதை ஒரு தடவை நன்றாகச் சூடு பண்ணிக் கொடு, அவர் ஆசையாக வாங்கி வந்தால் முகத்தைச் சுளிக்காதே. முக்கியமாக ஒன்று. இதைப் படித்த உடனே அம்மாவைக் கூப்பிட்டு நான் வருகிறேன் என்று சொல்லிவிடு. நானே சொல்லலாம்தான், குரல் ஒத்துழைக்காது. சொல்லாமல் இருந்துவிடாதே, மறந்துவிடாதே. முன்கூட்டித் தகவல் இல்லாமல் நான் போய்க் கதவைத் தட்டினால், சோதனை போட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா